பக்கத்து வீட்டிலிருந்து வந்த மான் இறைச்சி



கடையில் வாங்கும் இறைச்சியைப் பற்றி நாம் அதிகம் கேட்பதில்லை. அறுத்தவர் யாரென்று தெரியும், கடைக்காரர் நம் ஊரவர், பள்ளிவாசலில் முன் ஸஃப்பில் நிற்பவர். ஆனால் காட்டிலிருந்து வரும் இறைச்சி அப்படியல்ல. அது எங்கே விழுந்தது, எப்படி விழுந்தது, விழும்போது உயிர் இருந்ததா என்பதெல்லாம் கொண்டு வந்தவருக்கு மட்டுமே தெரியும். அதைக் கழுவிச் சட்டியில் போட்டுப் பிள்ளைகளுக்கும் பரிமாறுகிறவர் நீங்கள். ஆகவே அதைப் பற்றிக் கேட்கும் உரிமையும் உங்களுடையதுதான்.

இதை எழுதத் தூண்டியது ஒரு தொலைபேசி அழைப்பு. 2023 டிசம்பரில் ஒரு நாள் இஷாவுக்குப் பின் எங்கள் ஊரிலுள்ள ஒரு தாயார் என் வீட்டுக்கு வந்தார். அவருடைய மருமகன் ஒரு காலத்தில் என்னிடம் மத்ரஸாவில் ஓதியவர். இப்போது மனைவியோடு அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் குடியிருக்கிறார்.

"மௌலவி, மகள் கோல் எடுத்தா. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் மான் இறைச்சி ஒரு பெட்டி நிறையக் கொண்டு வந்து தந்திரிக்காராம். அவரே காட்டுக்குப் போய்ச் சுட்டதாம். எடுத்துச் சமைக்கலாமா எண்டு கேக்கிறா. நான் என்ன சொல்ல?"

உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேட்டையின் பாடத்தை ஒவ்வொரு வருடமும் மாணவர்களுக்கு நடத்துகிறேன். அம்பையும் வேட்டை நாயையும் பற்றி மணிக்கணக்காகப் பேசுவேன். ஆனால் ஒரு மனிதர் ரைபிளை எடுத்துக்கொண்டு மானுக்காகக் காட்டில் காத்திருப்பது எப்படியிருக்கும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. "ராத்தா, மகளிடம் சொல்லுங்கள், இறைச்சியை அப்படியே வைக்கட்டும். மருமகனோடு நான் பேசுகிறேன்" என்றேன்.

அந்த ஒரு பேச்சு பல பேச்சுகளாக நீண்டது. நான் கேட்டு அறிந்ததைக் கொஞ்சம் சொல்கிறேன். ஏனென்றால் ஒரு பொருள் எப்படி நடக்கிறது என்று தெரியாமல் அதற்குச் சட்டம் சொல்வது ஆபத்து.

ஓக் மரக் காட்டில்

பென்சில்வேனியாவின் காடுகள் ஓக், மேப்பிள், ஹிக்கரி, பீச், செரி முதலிய அகல இலை மரங்களாலானவை. நம்மூர் முதிரையும் பாலையும் போலத் தளபாடம் செய்ய ஏற்ற மரங்கள். நவம்பர் கடைசியில் அவை இலையெல்லாம் உதிர்த்து நிற்கும். பாதம் வைக்கும் இடமெல்லாம் காய்ந்த சருகு. ஓர் அணில் ஓடினாலும் ஏதோ பெரிய மிருகம் வருகிறது போலச் சத்தம் கேட்குமாம். ஓக் மரத்தின் கொட்டைகள் நிலத்தில் கொட்டிக் கிடக்க, அவற்றைத் தின்ன வெள்ளைவால் மான்கள் விடியற்காலையில் வருகின்றன. பயந்து ஓடும்போது வாலைத் தூக்கும், வாலின் அடிப்பக்கம் வெள்ளை, அதனால் அந்தப் பெயர்.

அங்கே மான் சுடுவது களவுத் தொழிலல்ல, ஒழுங்குபடுத்தப்பட்ட ஒரு காரியம். நன்றி செலுத்தும் நாள் என்று அவர்கள் கொண்டாடும் நவம்பர் மாத வியாழக்கிழமை முடிந்து வரும் திங்கட்கிழமையில்தான் ரைபிள் பருவம் தொடங்குவது நெடுங்கால வழக்கம். அந்தத் திங்கட்கிழமை எத்தனையோ பாடசாலைகளுக்கு விடுமுறையாம்! 2019 முதல் அதைச் சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டார்கள். வேட்டைக்குப் போகிறவர் முதலில் ஒரு பாடநெறியை முடித்து உரிமப் பத்திரம் எடுக்க வேண்டும். தலையிலும் மார்பிலும் முதுகிலும் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறத் துணி அணிய வேண்டும், மனிதரை மானென்று எண்ணி இன்னொருவர் சுட்டுவிடாமலிருக்க. ஆள் குடியிருக்கும் வீட்டிலிருந்து, வீட்டாரின் அனுமதியில்லாமல், 150 யாருக்குள் சுடக் கூடாது. இரவில் விளக்கடித்து மானைக் கண்கூச வைத்துச் சுடுவது குற்றம். விழுந்த மானுக்கு உடனே சீட்டு எழுதிக் கட்ட வேண்டும். காட்டு மானின் இறைச்சியை விற்கவும் கூடாது, சாப்பிடலாம், அன்பளிப்பாகக் கொடுக்கலாம். அப்படித்தான் அந்தப் பெட்டி நம் பிள்ளையின் வாசலுக்கு வந்தது.

இவ்வளவு மான்களைச் சுட எப்படி மனம் வருகிறது என்று நானும் கேட்டேன். வரலாறு வேறு விதமானது. 1900ஆம் ஆண்டளவில் அந்த மாநிலத்தில் மான் அற்றுப் போகும் நிலை. காட்டை வெட்டினார்கள், சந்தைக்காகக் கணக்கின்றிச் சுட்டார்கள். 1895இல் வேட்டை விலங்குகளுக்கென்று ஓர் ஆணைக்குழு அமைத்து, 1906 முதல் வெளி மாநிலங்களிலிருந்து மான்களை வாங்கிக் காட்டில் விட்டார்கள். ஓநாயும் மலைச் சிங்கமும் முன்னரே அழிந்துவிட்டபடியால் மான் பெருகியது, பெருகியது, பிறகு காட்டையே தின்னத் தொடங்கியது. முளைத்து வரும் ஓக் கன்றையும் மேப்பிள் கன்றையும் அது மேய்ந்துவிட்டால் கிழ மரங்கள் விழும்போது அவற்றின் இடத்துக்கு வர ஒன்றுமில்லை. இன்று அமெரிக்கா முழுவதும் இந்த மான் சுமார் 3 கோடி இருக்கும் என்கிறார்கள். பென்சில்வேனியாவில் மட்டும் ஒரு பருவத்தில் 4 இலட்சத்துக்கு மேல் வேட்டையாடப்படுகின்றன. அப்படியும் குறைந்தபாடில்லை.

சன்னம் அம்பா, கல்லா?

இனிச் சட்டத்துக்கு வருவோம். வேட்டை என்பது நம் மார்க்கம் அனுமதித்த ஒன்று. அல்மாயிதா அத்தியாயத்தின் ஆரம்ப வசனங்களில் அதன் அனுமதியும் எல்லையும் வருகின்றன. இஹ்ராமில் இருப்பவருக்குத் தரை வேட்டை கூடாது. பழக்கப்பட்ட வேட்டைப் பிராணி நமக்காகப் பிடித்ததைப் பிஸ்மில்லாஹ் சொல்லி உண்ணலாம். அதே இடத்தில், 3வது வசனத்தில், கழுத்து நெரிந்து செத்ததும் அடிபட்டுச் செத்ததும் விழுந்து செத்ததும் தடுக்கப்படுகின்றன. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ரைபிளின் பிரச்சினை நிற்கிறது.

அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்களை நீங்கள் அறிவீர்கள். கொடைக்குப் பெயர்போன ஹாதிம் தாயீயின் மகன். அவர் வேட்டைக்காரர். நபி (ஸல்) அவர்களிடம் மிஃராழ் பற்றிக் கேட்டார்கள். அது இறகு கட்டாத ஒரு கோல். அது கூரால் குத்திக் கிழித்திருந்தால் உண்ணலாம், அகலப் பக்கத்தால் அடித்துக் கொன்றிருந்தால் அது அடிபட்டுச் செத்த பிணம், உண்ணக் கூடாது என்ற கருத்தில் பதில் கிடைத்தது. புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. கிழித்துக் குருதி ஓட்டுவது ஒன்று, பாரத்தால் நசுக்குவது இன்னொன்று.

பழைய கிதாபுகளில் புந்துக் என்று வருவது களிமண் உருண்டை. வில்லால் எறிவார்கள். அது அடித்தே கொல்லும், ஆகவே அதால் செத்தது கூடாது. இப்னு உமர் (ரழி) அவர்களின் கூற்றாக இதைப் புகாரி இமாம் குறித்திருக்கிறார்கள். பிறகு வெடிமருந்து வந்தது. அதே புந்துக் என்ற பெயர் ஈயக் குண்டுக்கும் ஒட்டிக்கொண்டது. பெயர் ஒன்று, பொருள் இரண்டு. கருத்து வேறுபாட்டில் ஒரு பங்கு இங்கிருந்துதான் வந்தது என்பது என் எண்ணம்.

நம் ஷாஃபிஈ மத்ஹபின் இமாம் இப்னு ஹஜர் அல்ஹைதமீ அவர்கள் துஹ்ஃபாவில், நெருப்பால் எறியப்படும் குண்டு சுட்டெரித்து விரைவில் கொன்றுவிடுவதால் அதனால் வேட்டையாடுவது கூடாது என்றும், தேர்ந்த ஒருவர் பெரிய பறவையின் இறக்கை போன்ற இடத்தில் மட்டும் பட வைத்து அதை நிறுத்துவாரென்றால் இடமிருக்கலாம் என்றும் எழுதுகிறார்கள். ஹனபி மத்ஹபின் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) அவர்களும் ஈயத்தால் செத்ததை அனுமதிக்கவில்லை. அதற்குக் கூர் இல்லை, வேகமும் சூடுமே கொல்கின்றன என்பது அவர்கள் வாதம். ஆனால் யமன் நாட்டின் ஷவ்கானீ (மறைவு 1834) அவர்கள், இது தோலைத் துளைத்து உள்ளே செல்கிறதே, இது அம்பின் இனம் என்றார்கள். மாலிகீ அறிஞர்கள் பலரும் அப்படியே. நம் காலத்து யூஸுஃப் அல்கர்ழாவீ அவர்களும் இதே கருத்தில் எழுதினார்கள்.

என் தனிப்பட்ட மனம் எங்கே சாய்கிறது என்று கேட்டால், இன்றைய ரைபிளின் கூர்முனைச் சன்னம் உடலைத் துளைத்துக் குருதியை ஓட்டுகிறது என்பதை மறுக்க எனக்கு முடியவில்லை. ஆயினும் கேட்டவர் ஷாஃபிஈ. பசியால் வாடுகிறவருமல்ல, பக்கத்திலேயே ஹலால் கடை இருக்கிறது. அவருக்குப் பேணுதலானதையே சொன்னேன்.

சுட்டவர் யார் என்பது அடுத்த கேள்வி. அண்டை வீட்டுக்காரர் கிறிஸ்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். வேதக்காரர் அறுத்தது ஆகும். அவர்கள் வேட்டையாடியதும் அப்படியே என்று பெரும்பாலான இமாம்கள் சொல்ல, இமாம் மாலிக் அவர்கள் வேட்டையை அதில் சேர்க்கவில்லை. நம் மத்ஹபில் வேதக்காரரின் பரம்பரை பற்றி வேறு நிபந்தனைகளும் உண்டு. இன்றைக்கு ஒரு பக்கத்து வீட்டுக்காரரிடம் போய் உங்கள் முப்பாட்டன்மார் எந்தக் காலத்தில் வேதத்தில் நுழைந்தார்கள் என்று யார் கேட்பது!

சில சகோதரிகள் உடனே ஆயிஷா (ரழி) அவர்களின் ஹதீஸை நினைப்பீர்கள். சிலர் இறைச்சி கொண்டு வருகிறார்கள், அல்லாஹ்வின் பெயர் சொன்னார்களா இல்லையா தெரியவில்லை என்றபோது, நீங்கள் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்று பதில் கிடைத்த செய்தி. அதை எல்லா இறைச்சிக்கும் சாவியாக்குகிறவர்களைக் காண்கிறேன். அங்கே கொண்டு வந்தவர்கள் புதிதாக இஸ்லாத்தில் நுழைந்த முஸ்லிம்கள். பிஸ்மில் பற்றிய சந்தேகத்துக்குத்தான் அந்தப் பதில். பிணத்தைப் பிஸ்மில்லாஹ் ஹலாலாக்காது.

திருப்பிக் கொடுப்பது எப்படி?

ஆகவே வேண்டாம் என்றேன். தாயாருக்கு அது பெரிய கவலையாகப் போயிற்று. "அந்த மனுசன் ஆசையோட கொண்டு வந்தது. மூஞ்சில அடிச்ச மாதிரி இரிக்காதா மௌலவி?"

இதற்கும் நபிமார் தலைவரின் வாழ்விலேயே வழி இருக்கிறது. ஸஃப் இப்னு ஜஸ்ஸாமா (ரழி) என்ற தோழர், பயணத்தில் வந்த நபி (ஸல்) அவர்களுக்குத் தாம் வேட்டையாடிய காட்டுக் கழுதையை அன்பளிப்பாகக் கொடுத்தார். (வீட்டுக் கழுதையல்ல சகோதரிகளே, அது ஹராம். இது காட்டு விலங்கு.) நபியவர்கள் அதைத் திருப்பிவிட்டார்கள். தோழரின் முகம் வாடியதைக் கண்டதும், நாங்கள் இஹ்ராமில் இருப்பதால்தான் திருப்பினோம், வேறொன்றுமில்லை என்று காரணத்தை விளக்கினார்கள். மறுப்பதும் ஸுன்னத், முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்வதும் ஸுன்னத்.

மகளிடம் அதையே சொல்லச் சொன்னேன். மகளும் போய்ச் சொல்லியிருக்கிறார். தனியே அல்ல, ஒரு தட்டு வட்டிலப்பத்தோடு. அந்த மனிதர் கோபிக்கவில்லையாம். அவருடைய மனைவி, யூதர்களும் இப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன் என்றாராம். இறைச்சியை ஏழைகளுக்கு உணவளிக்கும் இடத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். வேட்டைக்காரர் கொடுக்கும் மான் இறைச்சியை உணவு வங்கிகளுக்குச் சேர்க்கும் ஏற்பாடு அந்த மாநிலத்தில் 1991 முதல் நடக்கிறது.

நான் கேட்க மறந்த கேள்வி

விடயம் முடிந்ததென்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்துத் தாயார் மீண்டும் வந்தார். மகள் நான்கு மாதக் கர்ப்பிணியாம். அங்குள்ள டாக்டர், வேட்டையாடிய இறைச்சி உண்பதுண்டா என்று கேட்டாராம். "ஏன் மௌலவி அப்படிக் கேட்ட?" என்றார். எனக்குத் தெரியவில்லை. மருமகனிடம் கேட்டுத் தெரிந்துகொண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

மான் வேட்டைக்குரிய சன்னம் பெரும்பாலும் ஈயத்தாலானது. உடலுக்குள் போனதும் காளான் போல விரிந்து, கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளாகச் சிதறும். துளைக்குச் சுற்றிலும் ஒரு சாணுக்கு மேலும் அந்தத் துணுக்குகள் போயிருக்கும். வெட்டி எறிந்தாலும் எல்லாம் போகாது, அரைத்த இறைச்சியில் இன்னும் மோசம். 2008இல் வடக்கு டகோட்டா மாநிலத்தில், ஏழைகளுக்கென்று கொடுக்கப்பட்ட அரைத்த மான் இறைச்சிப் பொதிகளைக் கதிர்ப்படம் எடுத்துப் பார்த்தபோது பாதிக்கும் மேற்பட்டவற்றில் உலோகத் துணுக்குகள் இருந்தன. அதே ஆண்டில் அந்த மாநிலத்தவர் எழுநூறுக்கும் மேற்பட்டோரின் இரத்தத்தைச் சோதித்ததில், வேட்டை இறைச்சி உண்பவர்களின் இரத்தத்தில் ஈயம் சற்றுக் கூடுதலாக இருந்தது. பெரியவர்களுக்கு அது சிறு அளவு. வயிற்றுப் பிள்ளைக்கும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கும் மூளை வளரும் காலத்தில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவென்று ஒன்றில்லை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் ஈயச் சன்னத்தால் சுட்ட இறைச்சியை உண்ண வேண்டாம் என்று அந்த மாநிலச் சுகாதாரத் துறை அப்போதே சொல்லிவிட்டது.

இன்னொன்றும் உண்டு. மான்களை மெலிய வைத்துக் கொல்லும் ஒரு மூளை நோய், 1967இல் கொலராடோவில் முதலில் கண்டது, 2012இல் பென்சில்வேனியாவுக்கும் வந்துவிட்டது. மனிதருக்குத் தொற்றியதாக உறுதியாகவில்லை. என்றாலும் நோயுள்ள மானை உண்ண வேண்டாம் என்கிறார்கள். அந்த நோயின் காரணி சமைப்பதால் சாவதில்லை.

ஈயத்தை உண்டுவிடுவோமோ என்று மகள் அழுதிருக்கிறார். உண்ணவேயில்லையே, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நான் மத்ஹபுகளையெல்லாம் சொன்னேனே தவிர, உண்ணப்போகிறவர் யார், வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஹலாலோடு தையிப் என்ற சொல்லையும் குர்ஆன் சேர்த்தே சொல்கிறது என்று குத்பாவில் பேசுவது எளிது.

மருமகனின் வேட்டை

அடுத்த வருடம் மருமகனுக்கு ஓர் ஆசை. "ஹஸரத், நானே பிஸ்மி சொல்லிச் சுட்டு நானே அறுத்தால் பிரச்சினை இல்லைதானே?" பாடநெறியை முடித்து உரிமமும் எடுத்துவிட்டார். ஈயத்துக்குப் பதிலாகச் செப்புச் சன்னம் வாங்கியிருந்தார். ரைபிள் அதே அண்டை வீட்டுக்காரருடையது.

நான் சொன்னேன்: உண்பதற்காக மட்டும் சுடு, விளையாட்டுக்கு வேண்டாம். உயிருள்ளதைக் குறி பழகும் இலக்காக்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். விசையை இழுக்கும்போது அல்லாஹ்வின் பெயரைச் சொல். கத்தி கூராக இருக்கட்டும். விழுந்ததும் தாமதிக்காமல் போ. உயிர் நிலைத்திருந்தால் அறு, அப்போது எந்த மத்ஹபிலும் பேச்சில்லை. போய்ச் சேருமுன் செத்திருந்தால் என்னிடம் கேள்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஸுபஹைத் தொழுதுவிட்டு இருட்டோடு போய் ஓர் ஓக் மரத்தடியில் இருந்தார்கள். குளிரில் விரல் விறைத்ததாம். ஒன்பது மணியளவில் ஒரு பெட்டை மான் வந்தது. முன்னங்கால் தோளுக்குச் சற்றுப் பின்னே, இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் சுட வேண்டுமென்பது பாடம். இவர் பெயர் சொல்லிச் சுட்டார். கை நடுங்கியதோ, மான் ஓரடி நகர்ந்ததோ, சன்னம் பின்னால் வயிற்றில் பட்டது. மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடிவிட்டது.

கத்தியோடு ஓடப் போனவரை அண்டை வீட்டுக்காரர் பிடித்து நிறுத்தினார். துரத்தினால் அது மைல் கணக்கில் ஓடும், விட்டால் எங்காவது படுத்துக்கொள்ளும், காத்திரு என்றார். வேடர்களின் அனுபவம் அது. மருமகனுக்கோ ஒவ்வொரு நிமிடமும் நான் சொன்னது காதில் ஒலித்ததாம். பிறகு இரத்தத் துளிகளைச் சருகில் தேடித் தேடிப் போனார்கள். பகல் கழிந்து அஸர் நேரமளவில், ஒரு நீரோடையில் உடல் பாதி அமிழ்ந்து செத்துக் கிடந்தது.

அங்கிருந்தே எனக்கு அழைப்பு வந்தது. இங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. அதீ (ரழி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் சொன்ன இன்னொரு விடயம் எனக்கு உடனே நினைவுக்கு வந்தது. அம்பு பட்ட வேட்டை ஓரிரு நாள் கழித்துக் கிடைத்து, அதில் உங்கள் அம்பின் காயம் மட்டும் இருந்தால் உண்ணலாம். தண்ணீரில் விழுந்து கிடந்தால் வேண்டாம், கொன்றது அம்பா தண்ணீரா என்று உங்களுக்குத் தெரியாது. உடனே கொல்லும் காயமென்று உறுதியாகத் தெரிந்தால் அறிஞர்கள் வேறு பேசுவார்கள். வயிற்றுக் காயத்தில் அந்த உறுதி எங்கே?

"வேண்டாம் மகன்" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, "இறைச்சி போனது போகட்டும் ஹஸரத். அது காலையிலிருந்து எவ்வளவு வேதனைப்பட்டிருக்கும்?" என்றார். அறுத்தால் அழகாக அறுங்கள், கத்தியைத் தீட்டுங்கள், பிராணிக்கு இலகுவாக்குங்கள் என்ற ஹதீஸை ஓதிக் கொடுத்தவன் நான்தான். அவரிடம் என்ன சொல்வது? மானை அண்டை வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டார். மருமகன் மறுபடி காட்டுக்குப் போவாரா என்று நான் கேட்கவில்லை.

ஃபிரிஜ்ஜில் இருந்த பொதி

இதையெல்லாம் தாயாரிடம் சொல்லி முடித்தபோது அவர் எழுந்து போகவில்லை. முந்தானையைச் சரி செய்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"மௌலவி, எங்கட ஃபிரிஜ்ஜிலயும் ஒரு பொதி கிடக்கு. காட்டுக்குப் போற ஒருத்தர் தந்தது. ரெண்டு கிலோ இரிக்கும். மகளுக்கு வேணாம் எண்டு சொல்லிப்போட்டு..."

சகோதரிகளே, உங்களில் எத்தனை பேர் வீட்டில் அப்படி ஒரு பொதி இருக்கிறதோ எனக்குத் தெரியாது. காட்டோரத்து ஊர்களில் இது புதிதல்ல. மகளின் இறைச்சியைப் பற்றிக் கேட்ட அதே கேள்விகளைத்தான் தாயாரிடமும் கேட்டேன். எப்படி விழுந்தது? அவருக்குத் தெரியவில்லை. நம் காடுகளில் மான் விழும் வழிகளோ நமக்குத் தெரியும். ஒன்று இரவில் டோர்ச் அடித்து இடியன் துவக்கால் சுடுவது. இன்னொன்று சுருக்குக் கம்பி. அதில் கழுத்து மாட்டிச் செத்தது குர்ஆன் பெயர் சொல்லித் தடுத்த, நெரிந்து செத்த பிணம். மூன்றாவது கட்டுத்துவக்கு. மிருகம் நடக்கும் தடத்தில் கட்டிவைத்துவிட்டு ஆள் வீட்டுக்குப் போய் உறங்குகிறார், கயிறு இடறினால் தானே வெடிக்கிறது. ஆயுதத்தை ஓர் ஆள் நாடி எய்ய வேண்டும் என்பது நம் மத்ஹப். தானாகப் பட்டுச் செத்தது ஆகாது. காலையில் போய்க் கழுத்தில் கத்தியை வைத்தால் செத்த உடலுக்கு அறுப்பு ஏது? அந்தத் துவக்கில் மனிதரும் கால் இழந்திருக்கிறார்கள். சுருக்கில் மாட்டுவதும் மான் மட்டுமல்ல. 2020 மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதியில் ஓர் அபூர்வக் கரும்புலி அப்படித்தான் மாட்டிப் பின்னர் செத்தது.

அதற்கு மேல் நாட்டுச் சட்டம் இருக்கிறது. 1937ஆம் ஆண்டின் வன விலங்குகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் பிந்திய திருத்தங்களும் புள்ளிமானையும் மரையையும் பாதுகாக்கின்றன. சுடுவது மட்டுமல்ல, அந்த இறைச்சியை வைத்திருப்பதும் விற்பதும் குற்றம். அமெரிக்காவில் சுடலாமாம், இங்கே ஏன் கூடாது என்று இளைஞர் சிலர் வாதிடுவார்கள். அங்கே மானைத் தின்னும் மிருகம் அழிந்துபோய் மான் மிஞ்சிவிட்டது. இங்கே காடு சுருங்குகிறது, புள்ளிமானை நம்பிச் சிறுத்தை வாழ்கிறது. பொது நன்மைக்காக ஆட்சி போடும் தடைக்குக் கட்டுப்படுவது நம் கடமையென்று நாமே பாடம் நடத்துகிறோம்.

சுட்டது நானா, வாங்கியதுதானே என்று சிலர் கேட்பதுண்டு. இஹ்ராம் கட்டாத அபூ கதாதா (ரழி) அவர்கள் ஹுதைபிய்யா ஆண்டில் வேட்டையாடியதை இஹ்ராமிலிருந்த தோழர்கள் உண்ணலாமா என்ற பிரச்சினை வந்தபோது, உங்களில் யாராவது அவரைத் தூண்டினீர்களா, சுட்டிக்காட்டினீர்களா என்றுதான் நபி (ஸல்) அவர்கள் முதலில் விசாரித்தார்கள். அது இஹ்ராமின் சட்டம், இங்கே அப்படியே பொருந்தாது. என்றாலும் பெருநாளைக்கு இரண்டு கிலோ வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லி வைக்கிறவர்களைக் காணும்போதெல்லாம் அந்தக் கேள்வி எனக்கு நினைவுக்கு வருகிறது.

தாயார் கேட்டார்: "அப்ப தந்தவரிட்ட என்ன சொல்ல? அவர் எங்கட சொந்தம்."

"மகள் சொன்னது போலச் சொல்லுங்கள் ராத்தா" என்றேன்.

அவர் சிரித்தார். மறுநாள் காலையில் நான் மத்ரஸாவுக்குப் போகும் வழியில் அவருடைய வேலியோரத்தில் மண் புதிதாக வெட்டி மூடியிருந்தது. மாலையில் அவர் பேரன் ஒரு மூடிய பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அந்தச் சொந்தக்காரர் வீட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டேன்.

"வட்டிலப்பம், மௌலவி" என்றான்.